கோலாருக்குப் போகும் குளியல் தண்ணீர்

குடியிருப்பு பெங்களூர் அலசூரில். பிழைப்பு கோலார் மாவட்டத்துக் கிணறுகளில். தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும் நாடாவை இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவேன்.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் அது. அடியில் கிரானைட்டும் நைஸும், இரண்டுமே கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் நிற்பதுதான் தண்ணீர். ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புகை மட்டும் வந்த போர்க் கிணறுகள் எத்தனையோ.

பங்காருப்பேட்டை பக்கம் தமிழ் பேசும் ஒரு பெரியவரின் தோட்டத்தில், வறண்ட போரைச் சுற்றிக் குழி தோண்டி மழைநீரை உள்ளே இறக்க ஏற்பாடு செய்தேன். போருக்குள் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பில் துளை போட்டு, வலை சுற்றி, கல், ஜல்லி, மணல் என்று அடுக்கியாயிற்று. "உழுத நிலத்துத் தண்ணி நேரா இதுல விழுது சார், மண்ணு அடைச்சுக்கும்" என்றார். மணல் வடிகட்டும் என்றேன். முதல் மழையிலேயே செம்மண் சேறு மேலே பூசி மெழுகிவிட்டது. வண்டல் தங்க முன்னால் ஒரு தொட்டி கட்டியிருக்க வேண்டும். படித்தது நான், தெரிந்தது அவருக்கு.

2018 ஜூனில், நிலத்தடி நீரை ஏற்றுவதற்காகப் பெங்களூர்க் கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு வரத் தொடங்கியது. கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். கணக்கு, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும் இரண்டாம் நிலை வரைதான் சுத்திகரிப்பு. ஏரியில் நுரை மிதந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மிச்ச அழுக்கையும் நீக்கும் மூன்றாம் நிலைக்கும் சுத்திகரித்தே விட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பேரன்கள் குப்பை கொட்டிக்கொண்டிருந்த கிணற்றில் ஊற்று கண் திறந்ததைப் பார்த்த பெரியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க குளிச்ச தண்ணியா சார் இது?"

"ஆமாங்கய்யா, நானும்தான்."

மட்டம் ஏறிய செய்தி ஊருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? அடுத்த வருஷமே பக்கத்துத் தோட்டத்தில் போர் வண்டி வந்து நின்றது. பத்து ஹெச்பி வரை பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். தக்காளிக்கு நல்ல விலை. யாரைக் குறை சொல்ல? ஏரிக்குள் விட்டதற்கு மீட்டர் உண்டு, தோட்டத்தில் இறைத்ததற்கு இல்லை. என் நோட்டில் மட்டம் மறுபடி இறங்க ஆரம்பித்தது. சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களும் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் கூட்டி நட்டார்கள்.

2024 கோடையில் பெங்களூரே தவித்தது. எங்கள் தெருவில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. பெரியவர்.

"டிவில பார்த்தேன் சார். குளிக்கிறீங்களா, இல்லையா?"