மகனுக்கு வயிற்றுவலி என்றுதான் போனோம்

மகனுக்குப் பத்து வயது. போன வருடம் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கினதிலிருந்து, காலையில் சப்பாத்துப் போடும் நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சனி, ஞாயிறு வலியே இல்லை. இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் என்று நானே முடிவுகட்டி டியூஷனை மாற்றினேன், இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன், அதை எழுதும்போது இப்போதும் மனம் நோகிறது. கடைசியில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர்தான் உளவியலாளரிடம் காட்டச் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். "பிள்ளைக்கு விசர் எண்டு சனம் கதைக்கப்போகுது" என்று என் அம்மா அழுதார். உளவியலாளர் மருந்து எழுதுகிறவர் இல்லை, மருந்து தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்று அவருக்கு விளங்கப்படுத்தவே ஒரு கிழமை போனது. கொழும்பில் தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரைத் தேடிப்பிடிக்க இன்னும் மூன்று கிழமை.

போனில் நேரம் கேட்டபோது, முதலில் தாயும் தகப்பனும் வரவேண்டும் என்றார் அந்த உளவியலாளர் மிஸ். எனக்குப் புறக்கோட்டையில் கடை, மனைவியை அனுப்புகிறேன் என்றேன். "அப்பா வரக்கூடிய நாளிலேயே வைப்பம்" என்று சனிக்கிழமை தந்தார். வேறு சாக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: பிள்ளை தனியாகச் சொல்வதை எங்களிடம் ஒப்புவிக்கமாட்டார், யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்வார். அப்புறம் ஒரு பெரிய தாளில் எங்கள் மூன்று தலைமுறையையும் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்துபோன என் அப்பாவின் சதுரத்துக்குள் ஒரு குறுக்கு. நெருக்கமானவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு, சண்டை என்றால் நெளிந்த கோடு.

மூன்றாவது தடவை என் அம்மாவையும் சேர்த்து நாலு பேரும் போனோம், பென்சிலை மகனிடம் கொடுத்தார். அம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் சட்டென்று இரட்டைக் கோடு போட்டான். என் சதுரத்துக்கு வந்ததும் கோடு போடாமல் அதன் நாலு பக்கத்தையும் திரும்பத் திரும்ப அழுத்தி வரைந்தான், தாள் கிழிகிற அளவுக்கு. ஏன் என்று மிஸ் கேட்கவில்லை. "இதுக்குப் பக்கத்தில ஆர் நிக்கோணும்?" என்றுதான் கேட்டார். "நான்தான். இல்லாட்டி அப்பா கடலுக்குள்ள போயிடுவார்."

2022இல் டொலர் 200 ரூபா இருக்கும்போது கடனுக்கு எடுத்த துணிக்கு, 360 ரூபாவில் காசு கட்டவேண்டி வந்தது. அந்தக் கடன் இன்னும் முடியவில்லை, அதுவரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவுமில்லை. வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் நின்று ஒரு இரவு நண்பனிடம் போனில், "ஒருநாள் கடலோட போயிடுவன் மச்சான்" என்றது உண்மை. மகன் நித்திரை என்று நினைத்திருந்தேன். பாடசாலைக்குப் போகாமல் இத்தனை நாளும் என் பிள்ளை எனக்குக் காவல் இருந்திருக்கிறான்.

அன்றைக்கே மிஸ் என்னைத் தனியாக இருத்தி, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, வாய்விட்டுச் சொல்ல வழிதான் கிடைக்கும் என்றார். இரண்டு தடவை வந்தது என்றேன். அவர் பதறவில்லை. எத்தனை மணித்தியாலம் நித்திரை, பிள்ளையோடு எத்தனை தடவை கத்துகிறீர்கள், கடைசியாக யாரோடு சிரித்தீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டு போனார். மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று எழும்பியிருப்பேன். ஆண்கள் பலருக்குக் கவலை கோபமாக வெளியே வரும் என்றார், அது என்னைப் பற்றித்தான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உதவி இலக்கத்தை அங்கேயே போனில் சேமிக்க வைத்து, மனைவியைக் கூப்பிட்டு, தன் முன்னாலேயே அவளிடம் என்னை எல்லாவற்றையும் சொல்லச் செய்து, நித்திரைக்கு மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதமும் தந்தார்.

மகனிடம் பொய் சொல்லவேண்டாம், அவன் தாங்கக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கஷ்டமென்றால் நடந்துகொண்டே சொல்லுங்கள் என்றார். ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் நடக்கும்போது சொன்னேன்: கடன் இருக்கிறது, பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம், நான் எங்கேயும் போகமாட்டேன். கொஞ்சத் தூரம் பேசாமல் வந்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன்.

வலி ஒரே நாளில் நிற்கவில்லை. திங்கட்கிழமைகளில் சிலவேளை இப்போதும் வரும், ஆனாலும் போகிறான். ஏழு தடவை முடிந்திருக்கிறது. மனைவி இதுவரைக்கும் என்னையும் மகனையும் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள், வருகிற சனிக்கிழமை அவளுடைய முறை.