மார்பகப் புற்றுநோய்: கட்டி தெரிந்ததிலிருந்து ஆபரேஷன் டிரெயின் குழாயை எடுத்தது வரை

வலிக்காத கட்டிதானே என்று யாராவது விட்டு வைத்திருந்தால், இதைப் படித்ததும் டாக்டரிடம் போய்விடுங்கள். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. எனக்கும் வலிக்கவில்லை. வலது மார்பில் அக்குளை ஒட்டிய பக்கம், அழுத்தினால் நகராத, கெட்டியான ஒரு கட்டி. அவ்வளவுதான்.

மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து நன்றாக அழுத்துவார்கள். சில நொடிகள் வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து மார்புக்கும் அக்குளுக்கும் ஸ்கேன். அதன் பிறகு பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது. ‘ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும்’ என்று சொந்தத்தில் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அப்படிப் பரவாது, இது இல்லாமல் என்ன வியாதி என்றே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்லர் அடிப்பது போல ‘டக்’கென்று சத்தம். சத்தம்தான் திடுக்கிட வைத்தது, வலி அவ்வளவு இல்லை.

ரிப்போர்ட்டில் இன்வேசிவ் டக்டல் கார்சினோமா (பால் குழாயில் தொடங்கி அதைத் தாண்டிய புற்று), கிரேடு 2 (நடுத்தர வேகம்) என்று இருந்தது. என் கணவர் டாக்டர் பேசி முடிப்பதற்குள், “நாளைக்கே எடுத்துடுங்க டாக்டர்” என்றார். எனக்கும் அதே தவிப்புதான். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “எடுக்கத்தான் போறோம்மா. ஆனா எந்த வகைன்னு தெரியாம கத்தி வைக்கக் கூடாது. சிலருக்கு முதல்ல மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன்.”

அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எடுத்த அதே திசுவில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று சோதனைகள் செய்கிறார்கள். முதல் இரண்டும் ஹார்மோன் சார்ந்தவை. அவை பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும். ஹெர்-2 என்பது புற்று செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. கட்டியின் அளவைப் பொறுத்து அதை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குவார்கள். எனக்கு ஈஆர், பிஆர் இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 மட்டும் 2+. அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஃபிஷ் என்று இன்னொரு சோதனை செய்து, நெகட்டிவ் என்று முடிவு வந்த பிறகே ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். உள்ளே வளர்ந்துகொண்டே இருக்குமே என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. ஆனால் அந்தச் சில வாரங்கள் வீணாகப் போகவில்லை. எனக்கு எந்த சிகிச்சை, எந்த வரிசையில் என்பதெல்லாம் அப்போதுதான் முடிவானது.

மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் மார்பை முழுதாக எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே முடிந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். என் மேமோகிராமில் கட்டியைத் தாண்டியும் சுண்ணாம்புப் புள்ளிகள் பரவலாக இருந்தன. அங்கேயும் பயாப்சி செய்ததில் புற்று இருப்பது தெரிந்ததால் முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, புள்ளி புள்ளியாகக் காட்டி விளக்கினார். காரணம் புரிந்ததால் அழுகையோடு என்றாலும் மனதாரக் கையெழுத்துப் போட முடிந்தது.

ஆபரேஷனின்போது நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்து, புற்று அங்கே பரவியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அவற்றில் புற்று இல்லாததால் அக்குளில் மற்றவற்றைத் தொடவில்லை. ‘யூரின் நீலமா பச்சையா போகும், பயப்படாதீங்கக்கா’ என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் அலறியிருப்பேன்.

வலியைவிடப் படுத்தியது, ஆபரேஷன் செய்த இடத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின்தான். தோலுக்கு அடியிலிருந்து வரும் குழாயும் அதன் முனையில் அமுக்கி மூடிய குடுவையும் வீட்டுக்கும் கூடவே வந்தன. தினமும் ஒரே நேரத்தில் குடுவையைத் திறந்து, எத்தனை மில்லி என்று அளந்து எழுதி, காற்று போக அமுக்கி மறுபடி மூட வேண்டும். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, கடைசியில் மஞ்சள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்தார்கள். அதுவரை குடுவையை நைட்டியின் உள்பக்கம் ஊக்கால் குத்தி வைத்துக்கொண்டேன். தொங்கவிட்டால் தையலை இழுக்கும். முன்பக்கம் திறக்கும் உடைகளை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்து வையுங்கள்.

முதல் தடவை கட்டுப் பிரித்தபோது பார்க்க மனம் வரவில்லை. அக்கா பார்த்துவிட்டு, “தையல் சுத்தமா இருக்குடி” என்றாள். அடுத்த தடவை நானே பார்த்தேன்.

தோளை அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியை டாக்டர் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்தேன். கையின் உள்பக்கம் மேலே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் நரம்பு பாதிக்கப்படுவதால் பலருக்கும் இப்படி ஆகுமாம்.

எடுத்த திசுவின் முழு ரிப்போர்ட்டில் ஓரங்கள் சுத்தம், அதாவது ஓரங்களில் புற்று இல்லை; நெறிக்கட்டிகளும் சுத்தம். எனக்கு ரேடியேஷனும் கீமோவும் தேவையில்லை என்று புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்தார். 5 வருடத்துக்கு டமாக்சிஃபென் என்ற, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. மாத்திரை சாப்பிடும் காலத்தில் வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இருந்தாலோ, கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். இடது மார்புக்கு வருடம் ஒரு மேமோகிராம் தொடரும்.