பாதை இல்லாத பத்திரம்

எங்கள் காட்டை விற்க வேண்டும் என்றதும் புரோக்கர் போனில் கேட்ட முதல் கேள்வி, "இடம் ரோட்டு மேலயா, உள்ளயா?" என்பதுதான். எத்தனை ஏக்கர், என்ன விலை எல்லாம் அப்புறம். "உள்ளதான், ஆனா ஜீப் போகும்" என்றேன். "ஜீப் யார் காட்டு வழியா போகுது?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறந்ததில் இருந்து நடந்த பாதை. அது யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடியில் இருந்து இன்னும் உள்ளே போகிற சின்ன ஊர் எங்களுடையது. 1 ஏக்கர் 42 சென்ட் காப்பிக் காடு, நடுவில் ஓட்டு வீடு. காப்பிக்கு நிழல் தர சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, ஓரமாக நாலு ஆரஞ்சு, சௌசௌ பந்தல் ஒன்று. தாத்தா 1962-இல் கிரயம் வாங்கியது. அப்பா 2021-இல் போன பிறகு அம்மா ஒன்றரை வருஷம் தனியாக இருந்து பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும் வரை டீக்கடைப் பலகைதான். கேஸ் சிலிண்டரை ரோட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள், அங்கிருந்து உருட்டிக்கொண்டு வர ஆள் பிடிக்க வேண்டும். நல்ல மழையில் கரண்ட் போனால் மூன்று நாள் கழித்து வரும். ஒருநாள் விடிகாலை பல் தேய்க்கக் கதவைத் திறந்தவர், வாசலில் காட்டுமாடு நிற்பதைப் பார்த்து பிரஷ்ஷோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். அது பந்தலைத் தின்று முடிக்கும் வரை வெளியே வரவில்லை. போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் திருப்பூரில், தம்பி கோயம்புத்தூரில். விற்றுவிடலாம் என்று 2023 தை மாசம் முடிவு செய்தோம். ஆறு மாசத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றே முக்கால் வருஷம் ஆனது.

முதல் முட்டு பட்டாவில். அது இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்தது 1984-இல். அப்பா அந்தக் காட்டைப் பார்த்தார், வரி கட்டினார், ஆனால் பெயர் மாற்றவில்லை. மலையில் பாதிப் பேர் கதை இதுதான். கூப்பிட்ட குரலுக்கு எல்லாரும் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். தாத்தா உயில் எழுதவில்லை, சொத்து அவர் சுயமாகச் சம்பாதித்தது. ஆகவே அப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும் சமபங்கு. இது வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1956 சட்டத்திலேயே மகளுக்கும் பங்கு இருக்கிறது. மலைக்காடு பையனுக்கு, நகை பெண்ணுக்கு என்பது வீட்டுப் பேச்சு மட்டும்தான்.

வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். தாத்தா இறந்ததை யாரும் பதிவு செய்யவே இல்லை. இத்தனை வருஷம் கழித்துப் பதிவு செய்ய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அதற்கு என்றைக்கு இறந்தார் என்று காட்ட ஏதாவது ஒரு ஆதாரம் வேண்டும். அம்மாவின் தகரப் பெட்டியில், தாத்தாவின் காப்பிக் கணக்கு நோட்டுக்குள் நாலாக மடித்த கருமாதிப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அச்சகத்தான் வருஷத்தையும் சேர்த்து அடித்திருந்தான், அவன் குடும்பம் நல்லா இருக்கட்டும். அதே பெட்டியில் 1962 கிரயப் பத்திரத்தின் அசலும் இருந்தது. இது பெரிய அதிர்ஷ்டம். 2022-இல் வந்த பதிவுத் துறையின் 55ஏ விதிப்படி அப்போது முன் ஆவணத்தின் அசலைக் காட்டாமல் பதிவு நடக்காது. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சான்று வாங்கி வர வேண்டும். அந்த விதி செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது, எங்கள் வேலை முடிந்து ஏழு மாசம் கழித்து. இறப்பு, வாரிசு, கூட்டுப் பட்டா என்று வரிசையாக முடிக்கவே 2023 முழுக்கப் போய்விட்டது. இடையில் 2023 ஏப்ரலில் நிலத்துக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்தில் இருந்து 2 ஆகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வை 7, ஆக மொத்தம் 9 சதவீதம். அது வாங்குகிறவர் செலவுதான் என்றாலும், விலை பேசும்போது கடைசியில் நம் தலையில்தான் வந்து நிற்கும்.

காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள்களும் வந்து பார்த்தார்கள். ரிசார்ட் கட்டப் போவதாக ஒருவர் வந்தார். எங்கள் ஊர் ஹாக்கா பட்டியலில் இருக்கிறது, அதாவது மலையிடப் பாதுகாப்புப் பகுதி, நினைத்தபடி கட்ட முடியாது, அனுமதி வாங்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றார். பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் அனுமதி கிடைத்தால்தான் மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதும் விட்டுவிட்டேன். இன்னொருவர் சில்வர் ஓக்கை எல்லாம் வெட்டி விற்றுவிட்டுக் காலி இடமாகக் கொடுக்கச் சொன்னார். மலையில் நம் காட்டு மரத்தையே அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 1955-இலேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. மூன்றாவது ஆள் பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். அப்படி வாங்கினால் அத்தைகளுக்கு நான் எதைக் காட்டிக் கணக்குச் சொல்வது? வேண்டாம் என்றேன்.

கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா காப்பிச் செடியைக் கையால் விலக்கி அடித்தண்டைப் பார்த்தார். தண்டுத் துளைப்பான் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. 27 லட்சத்துக்குப் பேசி முடிந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்கள் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தெற்கே குதிரைப் பாதைன்னு போட்டிருக்கு. அதுல இப்ப போக முடியுமா?"

அந்த வரியை நானும் படித்திருந்தேன். ஊரில் பழைய பத்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வடக்கே இன்னார் காடு, கிழக்கே ஓடை, மேற்கே பலா மரம், தெற்கே குதிரைப் பாதை. தாத்தா வாங்கிய காலத்தில் எங்கள் பக்கம் ரோடு கிடையாது. காப்பி மூட்டையும் வாழைத்தாரும் குதிரை மேல்தான் இறங்கும். ரோடு பிறகு வந்தது, அதுவும் வடக்குப் பக்கமாக. அதற்கப்புறம் தெற்குப் பாதையை யாரும் சீந்தவில்லை. நான் போய்ப் பார்த்தேன். உண்ணிச் செடி ஆள் உயரத்துக்கு மண்டி, முப்பது அடிக்கு மேல் உள்ளே போக முடியவில்லை. வடக்கே எங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது பக்கத்துக் காட்டு மாமாவின் காப்பி. நாற்பது வருஷமாக அதன் வழியேதான் நடந்தோம், ஜீப் விட்டோம், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வழிதான். பத்திரத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

மாமாவிடம் கேட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று அம்மா சொன்னார். ஆனால் மாமா ஒரு வருஷமாக எங்களோடு பேசவில்லை. எதனால் என்று தெரியவில்லை, காரணம் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார். "நீங்க காட்டை விக்கிறது அவருக்கு வெளியூர் புரோக்கர் சொல்லித்தான பாப்பா தெரியும். ஒட்டுக் காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கேட்கவில்லை. வாங்குகிற வசதி அவருக்கு இல்லை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். வசதி இல்லைதான். ஆனால் இல்லை என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா வீட்டு அத்தை மட்டும் "வாங்க" என்றார். மாமா திண்ணையில் மிளகை உதிர்த்துக்கொண்டே இருந்தார், காலடியில் சாக்கு விரித்து, கொத்துக் கொத்தாக எடுத்து உள்ளங்கையால் தேய்த்து. அம்மா ஒன்றும் பேசாமல் சாக்கின் மறு ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தானும் உதிர்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் இருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அம்மாதான், "சொல்லாம விட்டது தப்புண்ணே" என்றார். மாமா மிளகைப் பார்த்துக்கொண்டே, "என் ஓசு என்னாகும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் காட்டு மூலையில் ஒரு ஊற்று இருக்கிறது. அதில் இருந்து கறுப்பு ஓசு போட்டு அவர் வீட்டுக்குத் தண்ணீர் போகிறது, மோட்டார் இல்லாமல், சரிவிலேயே. அதுவும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. புதிதாக வருகிறவர் ஒரே நாளில் ஓசைப் பிடுங்கிப் போட்டால் அவர் என்ன செய்வார்? ஒரு வருஷக் கோபத்தில் பாதி பயம்.

ஆக, தண்ணீருக்கு ஈடாகப் பாதை. வாங்குகிறவர்களை வரவழைத்து, அதே திண்ணையில் பேசினோம். ரோட்டில் இருந்து எங்கள் காடு வரை பத்தடி அகலத்துக்கு நடக்கவும் வண்டி ஓட்டவும் வழி. பதிலுக்கு ஊற்றில் இருந்து ஒரு அங்குல ஓசு, பரம்பரைக்கும். பேச்சோடு விடாமல் தனி ஆவணமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று வக்கீல் பிடிவாதமாக இருந்தார், அது சரிதான். பத்திர எழுத்தர் 'மாமூல் வழிநடை வண்டித் தடப் பாத்தியம்' என்று எழுதி வாசித்தபோது மாமா, "இதைத்தான நாப்பது வருசமா பண்ணிக்கிட்டிருந்தோம்" என்றார். பாதைக்காக ஏழு காப்பிச் செடிகளை எடுக்க வேண்டியிருந்தது. அவற்றுக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அத்தைதான் வாங்கி முடிந்துகொண்டார்.

கிரயப் பத்திரம் எழுதும்போது எழுத்தர் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். "வீட்டைக் காட்டுறதா, வெறும் நிலம்னு போடவா?" வீட்டை மறைத்தால் தீர்வை குறையும், பலரும் செய்வதுதான். பிறகு அலுவலகத்தில் இருந்து இடத்தைப் பார்க்க வந்தால் விடுபட்ட தீர்வையைக் கட்டச் சொல்வார்கள், பத்திரம் அதுவரை கைக்கு வராது. காட்டச் சொன்னோம். வருமான வரியில் இன்னொரு கணக்கு. நகரத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, ஆனால் வீட்டுக்கான தொகைக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் நிலத்துக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே பிரித்து எழுதச் சொன்னார் ஆடிட்டர்.

ஆடியில் யாரும் பதிவுக்கு வர மாட்டார்கள் என்பதால் ஆவணி வரை காத்திருந்தோம். காத்திருந்தவர்கள் எல்லாரும் அதே முகூர்த்த நாளில் வந்து நின்றார்கள். காலை பத்தரை மணி டோக்கனுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். பெரியத்தைக்கு எழுபத்தாறு வயது, தேனியில் இருந்து கார் வைத்துக் கூட்டி வந்திருந்தோம். மிஷினில் கட்டைவிரல் பதியவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் காட்டு வேலை செய்த கை, ரேகை தேய்ந்துபோயிருந்தது. துடைத்து, சேலையில் தேய்த்து, நாலாவது முறைதான் எடுத்தது. "எங்கப்பன் காட்டுல எனக்குப் பங்கு இருக்குன்னு இந்த மிஷினுக்கே நம்பிக்கை இல்ல பாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்பது லட்சம் அவர் கணக்கில் ஏறியதும் மகனிடம் போனைக் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அப்பா காலத்தில் இருந்து வருஷா வருஷம் வரும் காப்பித்தூளும் மிளகும் இனி வராதா என்று மட்டும் கேட்டார்.

உட்பிரிவு இல்லாததால் பட்டா தானாகவே புதியவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. மறந்துபோனது மின் இணைப்பு. அது இன்னும் அப்பா பெயரில், என் போன் நம்பரில் இருக்கிறது. மாற்றித் தருவதாக அவர்களும் சொல்கிறார்கள், நானும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி வரும். நூறு யூனிட் வரை கட்டணம் இல்லை என்பதால் பூட்டிக் கிடந்த காலம் முழுக்க பூஜ்யம்தான். போன வாரம் வந்ததில் 126 யூனிட். அம்மாவிடம் காட்டினேன். "குடி வந்துட்டாங்க போல. குளிர்ல ஹீட்டர் போட்டிருப்பாங்க" என்றார்.