மாமாவின் வெற்றிலைப் பெட்டியும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும்

மன்னார்குடி மாமா போன மாதம் டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கப் போனார். சிகரெட் பிடிப்பீங்களா என்று ஏஜென்ட் கேட்க, இல்லை என்றார். பொய்யில்லை, மனுஷன் பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில், உடம்பில் நிக்கோட்டின் போனதைக் காட்டிக்கொடுக்கும் கோட்டினின் பாசிட்டிவ், பிரீமியம் எகிறிவிட்டது. "எவனோ பாட்டில மாத்திட்டான்டா" என்று எனக்கு போன்.

பாட்டில் எல்லாம் மாறவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் கும்பகோணம் வெற்றிலை இரண்டு, காம்பு கிள்ளி, பின்பக்கம் சுண்ணாம்பு தடவி, கொஞ்சம் சீவல், அப்புறம் நகக்கண் அளவு புகையிலை. முப்பது வருஷமாக இப்படித்தான், அதை அவர் ஒரு பழக்கமாகவே எண்ணியதில்லை.

நிக்கோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் கல்லீரல் அதில் பெரும்பகுதியைக் கோட்டினினாக மாற்றிவிடும் (நிக்கோட்டினின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு வைத்த பெயர் அது). ரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், கோட்டினின் பாதியாக 16 மணி நேரம் போல ஆகும், அதனால்தான் லேபில் இதைத் தேடுகிறார்கள். தினமும் புகைப்பவர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். பக்கத்தில் உட்கார்ந்து புகையைச் சுவாசித்தவருக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான், அதற்கும் கீழே என்றும் சொல்லலாம். ஆனால் புகையா, மெல்லுவதா, பழக்கத்தை விடுவதற்காகச் சாப்பிடும் நிக்கோட்டின் சூயிங்கமா என்று அது சொல்லாது. வேதாரண்யம் பக்கம் புகையிலைக் கொல்லையில் பனி ஈரத்தோடு இலை ஒடிப்பவருக்கும் தோல் வழியாக நிக்கோட்டின் ஏறும், தலைசுற்றி வாந்திகூட வரும்.

புகையை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது, மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும். அதில் மாமா ஜம்மென்று பாஸாகியிருப்பார். விறகடுப்பை ஊதிவிட்டு வரும் அத்தைதான் மாட்டுவார்! தவிர, அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும், முந்தாநாள் பிடித்த பீடி தெரியாது.

புகையிலையேதானா என்று உறுதி செய்ய என்.என்.ஏ.எல். என்று ஒன்று உண்டு. புகையிலைக்கே உரிய ஒரு புற்றுநோய்ப் பொருள் உடம்பில் மாறி உண்டாவது, வாரக்கணக்கில் சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். விறகுப் புகையால் வராது. பழைய கணக்கைப் பார்க்க முடி இருக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால் ஒரு ஜாண் கூந்தலில் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக் கதையே இருக்கும். பெரியப்பா திண்ணையில் பீடி குடித்த காலத்தில் பெரியம்மாவின் முடியை யாராவது சோதித்திருக்கலாம் என்று தோன்றியது.

இதையெல்லாம் சொன்னேன். "சரிடா, அப்ப புகையிலை போடுவீங்களான்னுல்ல கேட்டிருக்கணும்?" என்றார். நியாயம்தானே? விண்ணப்பத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எந்த வடிவிலாவது புகையிலை உபயோகிக்கிறீர்களா என்றுதான் கேட்டிருந்தது, பொடி எழுத்தில், இங்கிலீஷில்.