பழைய ஆம்புக்கு மாறலாமா: கோட்டையூர் வளவில் இரண்டு வாரம்

திருச்சியில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒரு நாள் போனில் கேட்டான்: "மாப்ளே, உன் புதுசை எனக்குக் கொடு, என் பழசை நீ வச்சுக்கோ. மேலே ஒத்த ரூபா வேணாம்."

இரண்டுமே கிடார் ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. மாடலும் ஒன்றே, ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். என்னுடையது 2018-இல் வந்த நான்காம் பதிப்பு, செலஸ்டியன் ஏ-டைப் ஸ்பீக்கர் போட்டது. அவனுடையது அமெரிக்காவில் இருந்தபோது வாங்கியது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பச்சை சர்க்யூட் போர்டு தெரியும். 1995-இல் இந்த மாடல் முதலில் வந்தபோது இருந்த போர்டு அதுதான், பிறகுதான் க்ரீம் நிறத்துக்கு மாறியது. பச்சை போர்டு என்றாலே கிடார்காரர்களிடம் ஒரு மயக்கம் உண்டு. எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

ஆனாலும் உடனே சரி சொல்லவில்லை. "இரண்டு வாரம் என்னிடம் இருக்கட்டும், வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரில் கொண்டு வந்து இறக்கிவிட்டான். ஆம்ப் 14 கிலோ. அதோடு வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது, தூக்கினால் அதுவே ஒரு குட்டி அம்மி. அவன் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் ஊர்க் கரண்ட்டில் நேராகச் செருகினால் ஒரு நொடியில் கதை முடிந்துவிடும்.

முதல் வேலையாக வயதைப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, ஏ என்றால் 1990. இரண்டாவது எழுத்து மாதம். இதில் ஐ, சி என்று இருந்தது. அதாவது 1998 மார்ச்.

வாசிக்கும் இடம் கோட்டையூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையால் தடவினால் கண்ணாடி போல வழுக்கும். ஒரு முறை கைதட்டினால் சத்தம் தூண் தூணாகப் போய்த் திரும்பி வரும். இந்த இடத்தில் ஆம்பில் எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை.

முதல் நாள் மாலை ஏழரை மணி. பழையதைப் போட்டு, வால்யூம் நான்கு, மாஸ்டர் ஐந்து வைத்து வாசித்தேன். என்ன சொல்வது! அழுத்தி மீட்டினால் நோட்டு முதலில் கொஞ்சம் அமுங்கி, பிறகு எழுந்து வருகிறது. கம்பியை இழுத்துக் கமகம் மாதிரி வளைத்தால் சத்தமும் கூடவே வளைகிறது. என் புது ஆம்பில் அதே விரல் வேலை கொஞ்சம் விறைப்பாக, கத்தரித்த மாதிரி வரும். அன்று ராத்திரியே நண்பனுக்கு "முடிஞ்சுது, மாத்திக்கலாம்" என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். வெள்ளைப் பணியாரத்தின் புண்ணியம்.

சாப்பிட்டுவிட்டு பதினோரு மணிக்கு மறுபடி உட்கார்ந்தேன். குமிழ்களைத் தொடவில்லை. ஆனால் அந்த மாலைச் சத்தம் இல்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அமுங்கல் போய்விட்டது. சத்தம் முன்னைவிடத் தெளிவு, அளவிலும் கொஞ்சம் அதிகம். பணியாரம் காதை அடைத்துவிட்டதா என்று யோசித்தேன். பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். 248 வோல்ட். மறுநாள் மாலை அதே ஏழரைக்கு வைத்தால் 209.

இங்கேதான் விஷயம் சுவாரசியமானது. அந்த ஸ்டெப்-டவுன் பெட்டி 230-ஐ 110 ஆக்குவது. அதே விகிதத்தில் பார்த்தால் 248 உள்ளே போனால் வெளியே ஏறக்குறைய 119 வரும், ஆம்ப் கேட்கும் 120-க்குப் பக்கம். 209 போனால் வருவது வெறும் 100. இந்த ஆம்புகள் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுபவை. வால்வுகளின் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். 100 வோல்ட்டில் ஆம்ப் ஓடினால் இழைக்குக் கிடைப்பது 5.25 தான், கீழ் எல்லையான 5.67-க்கும் கீழே. வால்வுக்குள் போகும் பெரிய வோல்டேஜும் (பிளேட் வோல்டேஜ்) சேர்ந்து இறங்கும். பட்டினி போட்ட வால்வில் சத்தம் சீக்கிரம் அமுங்கும், சீக்கிரம் கரகரத்து உடையும். நான் உருகிப் போனது அதைக் கேட்டுத்தான். எடி வான் ஹேலன் தன் மார்ஷல் ஆம்புக்குப் போகும் கரண்ட்டை வேரியாக் என்ற வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை வைத்து வேண்டுமென்றே குறைத்து வாசித்தவர். எனக்கு அதைக் கோட்டையூர் மாலை நேரம் சும்மாவே செய்து கொடுத்திருக்கிறது.

என் புது ஆம்ப் 230-க்கே செய்தது. அதே 209-இல் அதன் இழைக்கு 5.7 வோல்ட் கிடைக்கும், எல்லைக்குள்தான். அதனால்தான் மாலையிலும் அது அசராமல் விறைப்பாக நின்றிருக்கிறது. அதாவது முதல் நாள் நான் செய்தது நியாயமான போட்டியே இல்லை. ஒருவனைப் பட்டினி போட்டு, இன்னொருவனுக்குச் சோறு போட்டு ஓடவிட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஒப்பிடும் வேலையை ராத்திரி பத்தரைக்கு மேல் வைத்துக்கொண்டேன். லூப்பர் பெடலில் ஒரு நிமிட வாசிப்பைப் பதிந்து, அதையே இரண்டு ஆம்புக்கும் மாற்றி மாற்றி விட்டேன். என் விரல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும், அதை நம்ப முடியாது. சத்தத்தைச் சமமாக்க, போனில் டெசிபல் காட்டும் செயலியை ஒரே தூணடியில் ஒரே உயரத்தில் வைத்துக் குமிழைத் திருப்பினேன். இதைச் செய்யாமல் யாரும் ஆம்ப் ஒப்பிட வேண்டாம். கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பது எதுவோ அதையே காது "நல்லது" என்று சொல்லிவிடும். புளூஸ் ஜூனியரில் வால்யூம் குமிழ் இரண்டிலிருந்து மூன்றுக்குள் எகிறிவிடும் என்பதால் குமிழில் உள்ள எண்ணை வைத்துச் சமமாக்கவும் முடியாது.

பெட்டிகளின் முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டு, மாற்றும் வேலையை அண்ணன் மகனிடம் கொடுத்தேன். பன்னிரண்டு முறை மாற்றினான், ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். ஆக வித்தியாசம் இருக்கிறது. பழையதில் நடு ஸ்தாயி கெட்டியாக இருக்கிறது, மேலே இருக்கும் கண்ணாடிச் சத்தம் குறைவு. புதியதில் மேல்பக்கம் திறந்து கேட்கிறது. எனக்குப் பழையதே பிடித்தது, ஆனால் முதல் நாள் மாதிரி தலைகால் புரியாத பிடிப்பு இல்லை.

அப்பத்தாவும் ஒரு தீர்ப்பு சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நான் வாசிப்பதை நிறுத்தியதும், "ஏன்டா, அந்தப் பழசு சும்மா கிடக்கும்போதே காய்ச்சல்காரன் மாதிரி முனகுதே, அதுக்கு என்ன?" என்றார். ஹம் என்கிற கரண்ட் இரைச்சல். உண்மைதான். வாசிக்கும்போது எனக்கு அது கேட்கவே இல்லை.

நடுவில் ஒரு முழு நாள் வீண். ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் பழைய ஆம்பிலிருந்து ஒரு ஜிர்ர் சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயந்து, டார்ச் அடித்து அதன் காகிதக் கூம்பைத் தடவிப் பார்த்தேன், திருகுகளை இறுக்கினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் சுவர் மாடத்தில் இருந்த எனாமல் தூக்கு! பர்மாவிலிருந்து ஐயா கொண்டு வந்தது. ஐந்தாம் கம்பியின் 110 ஹெர்ட்ஸ் வந்தால் அதன் மூடி கூடவே பாடுகிறது.

அடுத்து ஸ்பீக்கர். இந்த மாடலில் ஸ்பீக்கர் ஒயர் ஒரு சாதாரண ஜாக் பின்னில்தான் ஆம்போடு சேர்கிறது. இரண்டுமே 12 அங்குலம், 8 ஓம். அப்படியானால் பழைய ஆம்பைப் புது ஸ்பீக்கரிலும், புது ஆம்பைப் பழைய ஸ்பீக்கரிலும் ஓட்டிப் பார்க்கலாமே? ஒயர் நீளம் போதாது என்பதால் எலக்ட்ரிக் கடையில் தடிமனான இரண்டு கோர் செம்பு ஒயர் வாங்கி, இரண்டு பக்கமும் ஜாக் வைத்துப் பற்றவைத்தேன். கிடாருக்குப் போடும் ஒயரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது இந்தக் கரண்ட்டைத் தாங்காது. இன்னொன்று, ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு மறதியாக ஆம்பைப் போட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுத்தான் மாற்றினேன். ஒரு ராத்திரிக்கு நான்கு மாற்றம், அதற்கு மேல் பொறுமை இல்லை.

கேட்டது என்னவென்றால், புது ஆம்ப் பழைய ஸ்பீக்கரில் ஓடியபோது வேட்டிக்கு அந்தப் பக்கம் பழைய ஆம்ப்தான் வாசிக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணன் மகன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான். பழைய ஆம்ப் ஏ-டைப்பில் ஓடியபோது அந்தக் கெட்டியான நடு ஸ்தாயி பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. இருபது ஆண்டுக்கு மேல் அடி வாங்கித் தளர்ந்த காகிதம், அதுவும் ஃபெண்டர் பெயர் போட்ட வேறு ரக ஸ்பீக்கர். பச்சை போர்டின் மகிமை என்று நான் நினைத்ததில் பெரும்பங்கு அந்த வட்டக் காகிதத்தினுடையது.

சத்தத்தைக் கெட்டியாக்கும் ஃபேட் சுவிட்ச் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கடைசி வாரத்தில் பழையதைக் காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ரேடியோ அண்ணனிடம் கொண்டு போனேன். வால்வு ரேடியோ காலத்து ஆள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டிகளை இப்போதும் பேச வைப்பவர். முதலில் ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கண்டென்சர்களில் தேங்கிய கரண்ட்டை இறக்கினார். ஆம்பை அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

வால்வுகள் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்குகின்றன. அந்தச் சூடு மேலே ஏறி, வால்வு போர்டு தோசைக்கல் ஓரம் மாதிரிக் காவி நிறமாகக் கருகியிருந்தது. இரண்டு பெரிய கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தது. கிடார் செருகும் ஜாக்கின் அடியில் ஈயத்தைச் சுற்றி முடி அளவு ஒரு வட்ட விரிசல். ஹம்மும், அவ்வப்போது வந்த கரகரப்பும் அங்கிருந்துதான்.

"இது ஓடும் தம்பி. கண்டென்சர் எல்லாத்தையும் மாத்திட்டா இன்னும் இருவது வருசம் ஓடும். ஆனா பழசு பழசுன்னு நீங்க சொல்றதைக் கேட்டு, கையால ஒயர் இழுத்த சாமான்னு நெனச்சேன். இதுவும் அச்சடிச்ச போர்டுதானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1960-களின் ஆம்புகள் வேறு, இது வேறு. என் மனத்தில் இரண்டும் எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன.

60 ஹெர்ட்ஸ் விஷயத்தையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு எவ்வளவு உழைக்கும் என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் தெரியும். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. நம் ஊரில் 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2. அந்த அளவுக்கு இரும்பு கூடுதலாக உழைக்கும், சூடாகும். ராத்திரி 119 வரும்போது இன்னும் அதிகம். ஒரு மணி நேரம் வாசித்த பிறகு பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் கை கொண்டுபோனால் புரியும்.

புறப்படும்போது அவருடைய அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய வால்வுகளைப் பார்த்தேன். அதில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) செய்த இஎல்84 நான்கு! என் ஆம்பில் கடைசியில் உட்காரும் ஜோடியும் அதே இஎல்84 தான். தாத்தா காலத்து ரேடியோவும் என் கிடாரும் ஒரே வால்வில் பேசுகின்றன என்பதில் ஏனோ ஒரு சந்தோஷம். இரண்டை எடுத்து, அளந்து, ஏறக்குறைய ஒத்துப் போவதாகச் சொல்லிக் கொடுத்தார், ஜோடி 500 ரூபாய். வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது. கழற்றி வைத்துவிட்டேன். இப்போது என் மேஜையில் பேப்பர்வெயிட்.

சரி, முடிவு. அந்த ஸ்டெப்-டவுன் பெட்டியையும் கூடவே ஒரு ஸ்டெபிலைசரையும் வளவில் நிரந்தரமாகக் குடிவைத்து, கண்டென்சர் மாற்றி, சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க எனக்கு மனமில்லை. ஸ்டெபிலைசர் போட்டால் நான் மயங்கிய மாலைச் சத்தமும் வராது, போடாவிட்டால் வால்வு சீக்கிரம் போகும். நண்பனைக் கூப்பிட்டு, "ஆம்ப் வேண்டாம்டா, ஸ்பீக்கரை மட்டும் மாத்திக்கலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்கு வேணும்னு தோணுனதே உன்னோட அந்தத் தெளிவான சத்தம்தான், அது ஸ்பீக்கர்ல இருக்குன்னா எடுத்துட்டு வா" என்றான். ஆக அவனும் என்னைப் போலத்தான், போர்டின் நிறத்தைப் பேசிக்கொண்டு ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்டிருக்கிறான்.

சனிக்கிழமை அவனே வந்தான். வளவில் இரண்டு பெட்டியையும் கவிழ்த்துப் போட்டு, நட்டுகளைக் கழற்றி, ஸ்பீக்கர்களை மாற்றினோம். திருகும்போது ஸ்பானர் நழுவிக் காகிதத்தில் குத்திவிடும் என்ற பயத்தில் ஒரு அட்டையை வெட்டி மேலே மூடிக்கொண்டேன். ஒன்றரை மணி நேர வேலை. கண்டென்சர் சங்கதியை அவனிடம் சொல்லி, ரேடியோ அண்ணன் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். போகும்போது ஸ்டெப்-டவுன் பெட்டியைக் காரில் ஏற்றியது நான்தான்.

அன்று மாலை ஏழரைக்கு மீட்டர் 211 காட்டியது. வால்யூம் மூன்றில் வைத்து வாசித்தேன். முதல் நாள் கேட்ட அமுங்கல் முழுதாக இல்லை, நடு ஸ்தாயி இருக்கிறது, அது போதும். ஐந்தாம் கம்பியைத் தொட்டால் மட்டும் எனாமல் தூக்கு ஜிர்ர் என்கிறது. எடுத்து உள்ளே வைக்கிறேன் என்றால் அப்பத்தா விடவில்லை.