சுவரில் தட்டிய பிரார்த்தனை

"செறையில கெடக்குறவனுக்குச் சாமி என்னத்தக் கிழிச்சிச்சு?" பிரிக்பீல்ட்ஸில் பசியாறும்போது கூட்டாளி கேட்டான். எனக்கு ராபின்சன் ரிஸ்னர் ஞாபகம் வந்தார்.

1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி. குண்டு போடப் போனவர்தானே என்பீர்கள், நியாயமான கேள்விதான். ஏழு வருசத்துக்கு மேல் சிறை, அதில் மூன்று வருசத்துக்கு மேல் தனிமை, சித்திரவதை.

பேசத் தடை. அதனால் கைதிகள் சுவரில் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை அடுக்கிய ஐந்துக்கு ஐந்து கட்டம், முதல் தட்டுகள் எத்தனையாவது வரிசை என்பதற்கு, அடுத்த தட்டுகள் அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதற்கு. (நம்ம 247 எழுத்துக்கு விரல் வீங்கியிருக்கும்!) முடிக்கும்போது 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்பதற்கு மூன்றே எழுத்து, GBU (God bless you).

1971 பிப்ரவரியில் ஹனோய் ஹோவா லோ சிறையில் தடையை மீறிக் கூட்டு வழிபாடு நடந்தது. முன்னின்று நடத்திய ரிஸ்னரைக் காவலர்கள் இழுத்துப் போக, பின்னால் மற்றவர்கள் தேசிய கீதம் பாடினார்கள். அதைக் கேட்டபோது ஒன்பதடி உயரத்துக்கு வளர்ந்ததுபோல் இருந்தது என்று ரிஸ்னர் பிறகு சொன்னார். அமெரிக்க விமானப்படை அகாடமியில் அவர் சிலையின் உயரமும் ஒன்பதடிதான்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப் போன நம்ம மலாயா தோட்டத்துச் சனங்கள் எந்தச் சாமியைக் கூப்பிட்டார்களோ? எங்க தாத்தா வாயே திறக்கவில்லை. உங்க வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்க.