கேரேஜ் கதவு பாதியில் திரும்பினால்

நேற்று ராத்திரி எங்கள் கேரேஜ் கதவு பாதிவரை இறங்கி, மறுபடி மேலே போய்விட்டது. மோட்டார் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மோட்டார்தான் போச்சு என்று பயந்தேன். இல்லை, சென்சார்.

கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில் சின்னதாக இரண்டு சென்சார் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் எது மறைத்தாலும் கதவு மூடாது. தூசி, சிலந்தி வலை, ஏன், நேராக அடிக்கும் சாயங்கால வெயில்கூடப் போதும். எங்கள் வீட்டில் ஒன்று எதிலோ இடித்துத் திரும்பியிருந்தது. நேராக்கியதும் அதன் குட்டி விளக்கு நிலையாக எரிந்தது, கதவும் மூடியது. தொல்லை என்று சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள். கதவுக்கடியில் குழந்தை வந்தால் அதுதான் காப்பாற்றும்.

சுவர் சுவிட்ச் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

மோட்டார் முக்கினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை ஏறி இறங்கும்வரை உழைக்கும். கதவுக்கு மேலே இருக்கும் சுருளில் இடைவெளி தெரிந்தால் அது உடைந்துவிட்டது. அப்போது மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்துவிடும் சிவப்புக் கயிற்றை இழுக்காதீர்கள், கதவு திறந்திருந்தால் அப்படியே விழும். முறுக்கேறிய ஸ்பிரிங் கையையே முறித்துவிடும். அதற்கு மட்டும் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.